இருபத்திரண்டு டிகிரி

போன வெள்ளிக்கிழமை ஸ்தபதி வந்தார். செலண்டார் பக்கம் நான் கிராணியாகக் கணக்கெழுதிய தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பிரித்துக் கட்டப்போகிறோம். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், சனங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அம்மன் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திருப்பணிக் குழுவில் வயசுக்காக என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்தபதி சட்டைப் பையிலிருந்து வட்டமான பித்தளைக் காம்பஸ் ஒன்றை எடுத்து வாசற்படிக் கல்லின் மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மனைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

“அம்மா நேர் கிழக்குப் பாக்கலீங்களே. தெக்கால சாஞ்சு பாக்கறா. இருபத்திரண்டு டிகிரி இருக்கும்” என்றார்.

குழுச் செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னலா சொல்றீங்க? எங்க பாட்டன் காலத்துலேருந்து இதுதான் கிழக்கு” என்றார்.

ஸ்தபதி சிரித்தார். “அடிக்கல்லு தை மாசம் போட்டிருப்பாங்க. அன்னிக்குச் சூரியன் எங்க மொளைச்சுதோ அதையே கிழக்குன்னு வெச்சுட்டாங்க. தையில சூரியன் தெக்கால ஒதுங்கித்தானே மொளைக்கும்? தோட்டத்துக் கோயில் நெறைய இப்படித்தான் இருக்கு, சரி பண்ணிக்கலாம்.”

அவர் சரி பண்ணிக்கொள்வார். நான் அங்கே கொட்டியிருந்த மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “ஐயாவுக்கு சுகர் எறங்கிருச்சு, மைலோ கலக்குங்க” என்று ஆளாளுக்கு ஓடினார்கள். எனக்குச் சர்க்கரையும் இல்லை, மயக்கமும் இல்லை. இருபத்திரண்டு டிகிரி என்பதை நான் முன்பே படித்திருக்கிறேன். உன் கையெழுத்தில், உன் நோட்டில், குறுக்கே ஒரு கோடு போட்டு நீயே அடித்துவைத்த வரியில் படித்திருக்கிறேன். அறுபது வருஷமாகப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இங்கே யாரிடம் சொன்னாலும் பழைய கதை என்று தலையாட்டுவார்கள். உனக்கு மட்டும்தான் இதன் கணக்கு புரியும்.

நாம் இருவரும் மலாக்காவில் ஒரே பெஞ்சில் படித்தோம். நீ தெங்கேராவில் மசாலாக் கடை வைத்திருந்தவரின் மகன், நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். பரீட்சை முடிந்ததும் எனக்குத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி வேலை கிடைத்தது. உன் வாப்பா உன்னைக் கடையில் உட்காரச் சொன்னார்; நீயோ கடைக்கு மேல்மாடியில் ரேடியோக்களைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தாய். அன்றிலிருந்து எனக்கு உன் வாயில் ‘கிராணியார்’ என்றுதான் பேர். கேலிக்கு வைத்த பேர், கடைசிவரை நிலைத்துவிட்டது.

ஊருக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரன் ஒருவன் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவோடு ஒரு தடிப் புத்தகத்தையும் உன்னிடம் விட்டுப்போனான். வானத்து உச்சியில் ரேடியோ அலைகள் எப்படிப் போகின்றன என்ற கணக்குப் புத்தகம். நீ அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பைத்தியமாக அலைந்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனர் கோப்பிக் கடைக்கு என்னை இழுத்துப்போய், கடை முதலாளி தவுக்கே கூட்டல் போடுகிற மணிச்சட்டத்தை மேசையில் இழுத்துவைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய்.

“நூத்தைம்பது இருநூறு மைல் ஒசரத்துல காத்து ஒடைஞ்சு கெடக்கு, தெரியும்ல? வெயில் அடிச்சு அடிச்சு எலெக்ட்ரான் தனியாப் பிரிஞ்சு திரியுது. சிங்கப்பூர் ரேடியோ அலை மேல போய் அதுல முட்டித்தான் நம்மகிட்டத் திரும்பி வருது.”

“இது பள்ளிக்கூடத்துலயே சொன்னதுதானே?”

“பொறுலா. அந்தக் காத்து சும்மா கெடக்கல. பூமியோட காந்தம் அதுக்குள்ள ஓடுது. அதனால உள்ள போன அலை ரெண்டாப் பிரியுது. இந்தா, இந்தச் சட்டத்துக் கம்பிதான் காந்தம்னு வெச்சுக்க. தெக்கு வடக்கா ஓடுது. மணிதான் எலெக்ட்ரான். கம்பி போற பக்கமாத் தள்ளு.”

தள்ளினேன். மணி வழுக்கிக்கொண்டு போனது.

“பாத்தியா? கம்பி இருக்கறதே மணிக்குத் தெரியல. இதான் சாதா அலை. இப்பக் குறுக்கால தள்ளு.”

மணி நகரவில்லை, நின்ற இடத்தில் திணறியது.

“மேல இருக்கற எலெக்ட்ரான் இப்படி மாட்டிக்கிட்டு வட்டம் போடும். இது அசாதா அலை. காந்தம் இருக்குன்னு இதுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு அலையும் வேற வேற ஒசரத்துல திரும்பும், வேற வேற வேகத்துல வரும். கீழ வந்து கலக்கும்போது கூடினா சத்தம் ஏறும், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டா அமுங்கிப் போவும். பாட்டு நடுவுல ரேடியோ ஏறி எறங்குதே, அது இதான்.”

அதற்குள் தவுக்கே வந்து, “ஹாய்யா, இதுல வெளாடாதலா!” என்று மணிச்சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். நீ அவரைக் கவனிக்கவே இல்லை. உன் கண் எங்கேயோ மேலே இருந்தது.

நீ கண்டுபிடித்தது இதற்கு அடுத்த படி. இங்கிலாந்தில் காந்த ஊசியை நூலில் தொங்கவிட்டால் அது மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு நிற்கும். நம் மலாக்காவில் ஏறக்குறையப் படுத்துக்கொள்ளும். அங்கே இரண்டு அலையும் திருகிக்கொண்டு வருவதால் பிரித்துப் பிடிப்பது பெரும்பாடு. இங்கே சாதா அலை தெற்கு வடக்காக ஆடிக்கொண்டு வரும், அசாதா அலை கிழக்கு மேற்காக. ஆகையால் வெறும் இரண்டு கம்பி போதும். தெற்கு வடக்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று. ஆளுக்கொரு கம்பியில் ஆளுக்கொரு அலை வந்து உட்காரும். “வெள்ளைக்காரனுக்கு இல்லாத வசதிடா இது, நமக்கு ஆண்டவன் சும்மா கொடுத்தது” என்று மேசையைத் தட்டினாய்.

கணக்கு போட்டு ஒரு முடிவும் சொல்லியிருந்தாய். விடியும் முன் மேலே எலெக்ட்ரான் குறைவு. அலை முட்டாமல் ஊடுருவிப் போய்விடும், ரேடியோவில் இரைச்சல்தான். சூரியன் வந்து எலெக்ட்ரான் பெருகப் பெருக, முதலில் திரும்பி வருவது அசாதா அலை. அப்போது கிழக்கு மேற்குக் கம்பி மட்டும் விழிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்துச் சாதா அலை வரும். அப்போதுதான் தெற்கு வடக்குக் கம்பி விழிக்கும். இதை அளந்து காட்டிவிட்டால் போதும். சிங்கப்பூரில் வானத்து மின்படலத்தை அளக்கிற நிலையத்துக்கு நீ எழுதியிருந்தாய். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி, கணக்கோடு அளவையும் அனுப்பு, பொருந்தினால் உதவியாளர் வேலைக்குப் பேசலாம் என்று பதில் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நீ எத்தனை முறை மடித்து மடித்து வைத்தாய் என்று எனக்குத் தெரியும். மடிப்பில் கிழிந்தே போனது.

தெங்கேராவில் கம்பி கட்ட இடமில்லை. கடைக்குக் கடை ஒட்டிக்கொண்டு கிடக்கும், தெருவில் மோட்டார் வண்டி இரைச்சல் வேறு. என் தோட்டத்து ஆபீசில் லைசென்ஸ் வாங்கிய ரேடியோ ஒன்று இருந்தது. நியூஸ் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நான் சொன்னதும் தோட்டத்து மானேஜர் துரையும் கம்பி கட்டச் சம்மதித்தார். ஆனால் உன்னால் தோட்டத்துக்குள் வரமுடியாது. அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எஸ்.சி., வெளி ஆளுக்குப் பாஸ் கிடையாது. ஆக எல்லாம் என் கையில். ரேடியோவில் சத்தத்தின் அளவைக் காட்ட நீ செய்துகொடுத்த முள்ளையும், கம்பியை மாற்றிப் போடுகிற சுவிட்சையும் பொருத்துவது, கம்பி கட்டுவது, அளப்பது எல்லாமே நான்தான்.

அன்றைக்கு உன் காம்பஸை எனக்குக் கொடுத்தாய். பட்டாளத்துச் சாமான், பித்தளை மூடி போட்டது. கொடுக்கும்போது நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “மேக்கால பாத்துத் தொழுறதுன்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. நேர் மேக்கால நின்னா மக்கா இருக்கற கிப்லா தப்பிப் போவும், மலாக்காவுல வடக்கால கொஞ்சம் திரும்பணும். எங்க பள்ளிவாசல்ல அதுக்குத் தரையில கோடே போட்டு வெச்சிருக்கு. திசையை வாய்ச்சொல்லுல நம்பாத கிராணியாரே, முள்ளை நம்பு.”

சரி சரி என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். செலண்டாருக்கு முன்னால் பஸ் வேகம் குறைந்தது. ரோட் பிளாக். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் தோட்டத்தில் ஒருவனை டார்ச் பேட்டரி நாலு வைத்திருந்தான் என்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், அவன் திரும்பவில்லை. என் பையில் இருந்ததோ காட்டுக்குள் வழி பார்க்கிற கருவி. யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அலை இரண்டாகப் பிரிகிறது என்றா? பஸ் ஒரு மரப்பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காம்பஸைத் தண்ணீரில் போட்டேன். எதிர் சீட்டில் கோழிக் கூடையோடு இருந்த சீனத்து அம்மா பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரர் ஏறினார், அடையாள கார்டைப் பார்த்தார், “போலே, ஜாலான்!” என்று பஸ்ஸைப் போகச் சொல்லி இறங்கிவிட்டார். என் பையை அவர் தொடக்கூட இல்லை.

அந்தக் கோழைத்தனத்தைக்கூட மன்னிக்கலாம் என்று வை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் மன்னிக்க முடியாதது.

எங்கள் தோட்டத்தில் யாரும் கிழக்கு மேற்கு என்று சொல்லமாட்டார்கள். அம்மன் முகம், அம்மன் முதுகு, அம்மன் வலக்கை, அம்மன் இடக்கை. “முதுகுப் பக்கத்துக் காட்டுல இன்னிக்கு வெட்டு” என்று கங்காணி கத்துவார். எல்லாரும் சரியாகப் போய்விடுவார்கள். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் நானே அப்படித்தான் எழுதுவேன். அம்மன் கிழக்குப் பார்க்கிறாள், இதில் என்ன சந்தேகம்? காம்பஸ் எதற்கு? கோயில் மதில் ஓரமாக நின்று கண்ணால் கோடு பிடித்து, முதுகிலிருந்து முகத்துக்கு ஒரு கம்பி, இடக்கையிலிருந்து வலக்கைக்கு ஒரு கம்பி, தென்னைமரத்துக்குத் தென்னைமரம் இழுத்துக் கட்டினேன். கட்டிவிட்டு ஒரு கும்பிடும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு நீ கேட்டாய். “முள்ளை வெச்சுப் பாத்துத்தானே கட்டின?”

“பின்ன? வெச்சுத்தான்.”

“காம்பஸ் எங்க?”

“ஆபீஸ் மேசையில பத்திரமா இருக்கு.”

உன் சாமானை ஆற்றில் போட்டேன் என்று சொல்ல வெட்கம். பஸ்ஸில் நடுங்கினேன் என்று சொல்ல அதைவிட வெட்கம். திசை என்னவோ சரிதானே, பிறகு எப்படிப் பார்த்தால் என்ன என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தினமும் காலையில் பெரட்டு எடுத்து, பேர் கூப்பிட்டு, ஆட்களைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு ஆபீசில் உட்காருவேன். வெளியே இருட்டு பிரியாது. ரேடியோவில் சோவென்று இரைச்சல். அரை நிமிஷத்துக்கு ஒரு கம்பி என்று மாற்றி மாற்றிப் போட்டு முள் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதுவேன். எஸ்.சி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “என்ன கிராணி, பாட்டே வரலியே, எதைக் கேக்கறீங்க?” என்பான். பிறகு மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் வந்து, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பேச்சுக்குரல் எழும்பும்.

ஆனால் இரண்டு கம்பியும் ஒன்றாக விழித்தன. முதல் நாளும் அப்படி, பத்தாம் நாளும் அப்படி. கிழக்கு மேற்குக் கம்பியில் முள் ஐந்து கோடு ஏறினால் தெற்கு வடக்குக் கம்பியில் இரண்டு கோடு. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆடாமல் அசையாமல் அப்படியே நிற்கும். அதன்பிறகு இரண்டு கம்பியிலும் சத்தம் ஏறி இறங்கித் தாறுமாறாகிவிடும். தனித்தனிக் கம்பியில் தனித்தனி அலை என்ற உன் கணக்கு ஒரு நாளும் பலிக்கவில்லை. ஞாயிறுதோறும் நான் நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பேன். நீ மேல்மாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். உன் உம்மா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். “கோழி அடைகாக்கற மாதிரி அந்த நோட்டு மேலயே ஒக்காந்திருக்கான் தம்பி, நீயாவது சொல்லப்படாதா?” என்று உம்மா என்னிடம் முறையிடுவார்.

தங்கா பத்துக் கடற்கரைக்கு நாம் போன அந்த மத்தியானத்துக்கு இப்போது வரவேண்டும். இத்தனை நேரம் சுற்றி வளைத்தது அங்கே வரப் பயந்துதான்.

நீ மணலில் குச்சியால் கூட்டல் குறி போல இரண்டு கோடு போட்டாய். அதன் மேலேயே சாய்வாக இன்னும் இரண்டு கோடு போட்டாய்.

“கம்பி கோணலா இருக்குமாடா?” என்றாய்.

“என்ன?”

“இருபத்திரண்டு டிகிரி. அவ்வளவு கோணல் இருந்தா எல்லாம் பொருந்துதுடா. மொதல்ல வர்ற அசாதா அலை ரெண்டு கம்பியிலயும் பங்காய் விழும். அஞ்சுக்கு ரெண்டு. ஒன் நோட்டைப் பாரு, தெனமும் அஞ்சுக்கு ரெண்டு! அப்ப ஒரே அலைதான் இருக்கு, அதான் ஆடாம நிக்குது. சாதா அலை வந்து கலந்ததும் ரெண்டுலயும் ஆட்டம். என் கணக்கு அப்படியே வருதுடா.” உன் முகம் அப்படி மலர்ந்து நான் பல மாசமாகப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொன்னவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். “என்னைக் குருடன்னு நெனச்சியா? காலையில எந்திரிச்சு ஒனக்காக மாரடிக்கிறேன், கோணல் கீணல்னு என் தலையில போடுறே. முள்ளை வெச்சுத்தான் கட்டினேன். நேர் வடக்கு.”

“இல்லடா, ஒரு தடவை...”

“மாரியாத்தா மேல சத்தியமா நேர் வடக்கு. போதுமா?”

நீ என்னைப் பார்த்தாய். ஒரு கிண்டல் இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. “நீ சொன்னா சரிதான் கிராணியாரே. அப்ப என் கணக்குலதான் தப்பு” என்றாய். காலால் மணலைத் தேய்த்துக் கோடுகளை அழித்தாய். திரும்பும் வழியில் அன்னாசிப் பழம் வாங்கிக் கொடுத்தாய், நான் கோபத்தில் இருந்தேன் என்று.

அந்த வாரமே நீ சிங்கப்பூருக்கு எழுதிவிட்டாய், என் கணக்கு இங்கே அளவோடு பொருந்தவில்லை, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும் என்று. இரண்டு மாசம் கழித்து மரியாதையாக ஒரு பதில் வந்தது; வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நீ புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாய். வாப்பாவுக்குச் சந்தோஷம். மேல்மாடியில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், தோட்டங்களுக்கு ரேடியோ பேட்டரி கொண்டுபோகிற லாரியில் ஏறத் தொடங்கினாய். “காத்தாட இருக்குலா” என்று எனக்குச் சமாதானம் சொன்னாய்.

அந்த லாரி ஒரு நாள் செலண்டாரைத் தாண்டிய வளைவில் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள், ரோட்டிலிருந்தும் சுட்டார்கள். உன் மேல் பட்டது யாருடைய குண்டு என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் பெரட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது. துரையிடம் பாஸ் வாங்கி ஓடினேன். தெங்கேரா பள்ளிவாசலில் உன் ஜனாஸாவுக்குப் பின்னால், இந்துக்காரன் எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உன் வாப்பாதான் வந்து என் தோளைப் பிடித்துக் கபர் வரைக்கும் கூட்டிப்போனார். மூன்று பிடி மண் போடச் சொன்னார். போட்டேன். ஊரடங்குக்கு முன்னால் திரும்பவேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடியவன், நேரே நின்று அழக்கூட இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனபோது உம்மா உன் நோட்டை என் கையில் கொடுத்தார். “கம்பி கிம்பின்னு ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தீங்களே தம்பி. எங்களுக்கு என்ன தெரியுது? நீ வெச்சுக்க.”

அன்று பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இந்த வரி: ‘கம்பிகள் 22° கோணலாக இருந்தால் எல்லாம் பொருந்துகிறது.’ அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே, ‘இல்லை. கிராணி காம்பஸ் வைத்துத்தான் கட்டியிருக்கிறான்.’

இந்த வரியை நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். காம்பஸ் என்ற சொல் மட்டும் முள்ளாய்க் குத்தும். சரி, கோயில் கிழக்குதானே என்று தள்ளிவிடுவேன். மற்றபடி அது எனக்கு ஒரு மெடல். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியிடம் காட்டினேன். மகள் வளர்ந்ததும் அவளிடம் காட்டினேன். “பாரும்மா, தன் கணக்கைவிட என் வார்த்தையை நம்பினவன், இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்?” என்பேன். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் இதைச் சொல்லி அழுவேன், எல்லாரும் என்னைத் தேற்றுவார்கள். த்தூ! வெட்கங்கெட்ட கிழவன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். நாள் நாளாகப் பார்த்தேன். ஐந்து, இரண்டு. ஐந்து, இரண்டு. மழை நாளிலும் வெயில் நாளிலும் ஐந்துக்கு இரண்டு. அதற்கு எத்தனை டிகிரி என்று பழைய கணக்கு அட்டவணையில் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஸ்தபதி சொன்ன அதே எண். நீ தேடிய இரண்டு அலையும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன: முதலில் வருகிறது அசாதா, பன்னிரண்டு நிமிஷம் கழித்து வருகிறது சாதா. நீ சொன்னபடி. ஒரு சொல் பிசகாமல் நீ சொன்னபடி. காம்பஸை ஆற்றில் போட்டேன்டா என்று அன்று மணலில் நான் சொல்லியிருந்தால், நீ என்னை நாலு வசவு வைதிருப்பாய், வேறொரு காம்பஸ் வாங்கியிருப்பாய், சிங்கப்பூரில் இருந்திருப்பாய். அந்த வளைவில் அந்த லாரியில் இருந்திருக்கமாட்டாய்.

நேற்று ஸ்தபதியிடம் காம்பஸைக் கடன் கேட்டு வாங்கினேன். மகள் காரில் தெங்கேராவுக்குக் கூட்டிப்போனாள். உன் கபரில் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், இரண்டும் பாசி பிடித்து நிற்கின்றன. குனிய முடியாமல் குனிந்து நடுவில் காம்பஸை வைத்தேன். முள் ஆடி அடங்கியது. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்பிய அந்தக் கிப்லாவுக்கு முகம் இருக்கும்படி ஒருக்களித்துத்தானே உன்னைப் படுக்க வைத்தார்கள். ஆகவே நீ நேர் தெற்கு வடக்காகப் படுத்திருக்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் போகிற கோடு வடக்கிலிருந்து கிழக்கே சாய்ந்திருந்தது. இருபத்திரண்டு, முன்பின். அம்மனின் இடக்கையிலிருந்து வலக்கைக்கு நான் இழுத்த கம்பி எந்தக் கோணலில் போனதோ, அதே கோணலில் நீ இத்தனை வருஷமாகப் படுத்திருக்கிறாய். இதை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அன்று அழாத அழுகை. மகள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

“என்னப்பா, என்ன ஆச்சு?”

“காம்பஸை நான் ஆத்துல போட்டுட்டேன்மா” என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், “இங்கதானப்பா இருக்கு” என்றாள்.

செக்ரோலில் ஒரு வரியை அடித்தால் அடித்தவன் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும், உனக்கும் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தில்லாத அடித்தல் செல்லாது. நீ அடித்த வரியில் கையெழுத்து இல்லை. மகளிடம் பேனா வாங்கி, நோட்டை உன் தலைமாட்டுக் கல்லின் மேல் வைத்து எழுதினேன்: ‘அடித்தது செல்லாது. 22° சரி. காம்பஸ் வைக்கவில்லை.’ கீழே கிராணியின் கையெழுத்து. பாசி பிடித்த கல்லின் மேல் எழுதியதில் கோணலாகத்தான் விழுந்தது.

ஸ்தபதிக்கு வேறு காம்பஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இது என் சட்டைப் பையில் இருக்கிறது, நெஞ்சில் இடித்துக்கொண்டு. வரும் வழியில் செலண்டாருக்கு முன்னால் அந்தப் பாலம் வந்தது. இப்போது சிமெண்டுப் பாலம். ஜன்னல் திறந்திருந்தது. மகளிடம் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன், பாலம் தாண்டும்வரை பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.